பார்த்தவர் யார்?

புனேயின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பாணேரில், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிரெதிர் வீடுகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். இன்னொருவன் சி.பி.எஸ்.இ. பள்ளி மாணவன். அவனுடைய அப்பா ஹிஞ்சவாடியில் மென்பொருள் வேலைக்காகக் கோவையிலிருந்து வந்தவர்.

அவளுடைய அறிவியல் நூலின் இரண்டாம் பாகத்தைத் திறந்தால் முதல் பாடமே மரபும் பரிணாமமும்தான். 2018-ல் வந்த அந்த நூலைத் தயாரித்த பால்பாரதி நிறுவனமும் புனேயில்தான், சேனாபதி பாபட் சாலையில் இருக்கிறது. அவனுடைய என்.சி.இ.ஆர்.டி. நூலிலும் அதே தலைப்பில் ஒரு பாடம் இருந்தது. 2023-ல் அச்சான பதிப்பில் அது வெறும் ‘மரபு’ என்று சுருங்கிவிட்டது. டார்வின், புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம், உயிரினங்களுக்கு இடையிலான உறவைக் கண்டறியும் முறை எல்லாம் போய்விட்டன. அந்தக் குடும்பம் கோவையிலேயே இருந்து, பையன் தமிழ்நாட்டு அரசுப் பாடத்தைப் படித்திருந்தால் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

ஒரே நாடு, ஒரே வயது, ஒரே மாடிப்படி. ஒரு பிள்ளைக்குத் தேவை என்று கருதப்பட்ட பாடம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சுமை என்று கருதப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்துவிடலாம். பரிணாமம் சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவியலா? லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை யார், எப்படிச் சோதிப்பது?

சாட்சி கேட்ட அமைச்சர்

இந்தக் கேள்வி இந்தியாவில் உரக்க எழுந்தது 2018 ஜனவரியில். ஔரங்காபாத்தில் நடந்த ஒரு வேத மாநாட்டுக்கு வந்திருந்தார் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங். டார்வினின் கொள்கை அறிவியல்படி தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை. ஆகவே பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அவர் வேதியியலில் பட்டம் பெற்றவர். அரசியலுக்கு வருமுன் ஐ.பி.எஸ். அதிகாரியாகப் புனேயிலும் மும்பையிலும் காவல் ஆணையராக இருந்தவர்.

நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. பரிணாமத்தின் அடிப்படை உண்மைகளில் அறிவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதைப் பள்ளியிலிருந்து நீக்குவதும் நீர்த்துப்போகச் செய்வதும் பின்னோக்கிய நடை என்றன. துறையின் மூத்த அமைச்சரும் புனேக்காரருமான பிரகாஷ் ஜாவடேகர், இப்படிப் பேசுவதைத் தவிர்க்கும்படி தம் சகாவிடம் சொல்லிவிட்டதாக அறிவித்தார். சர்ச்சை அத்தோடு அடங்கியது. கேள்விக்கு மட்டும் யாரும் பொறுமையாகப் பதில் சொல்லவில்லை.

பதிலை அமைச்சரின் பழைய பணியிலிருந்தே தொடங்கலாம். பூட்டிய வீட்டில் ஒரு கொலை. கண்ணால் கண்டவர் எவருமில்லை. அதற்காகக் காவல்துறை கோப்பை மூடிவிடுவதில்லை. கைரேகை, ரத்தக்கறை, கைபேசிக் கோபுரப் பதிவு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத தடயங்களைத் திரட்டுகிறது. ‘இவர்தான் செய்தார் என்றால் அந்த நேரத்தில் அவர் நாக்பூரில் இருந்திருக்க முடியாது’ என்று ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறது. அவர் நாக்பூரில் இருந்தது உறுதியானால் வழக்கு உடைந்துவிடும். நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைச் சோதிப்பது என்றால் இதுதான். நிகழ்ச்சியை மறுபடி நடத்திக் காட்ட வேண்டியதில்லை. அது உண்மையென்றால் இன்று எது கிடைக்க வேண்டும், எது கிடைக்கவே கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு தேட வேண்டும்.

எரிமலைக் கோட்டுக்கு மேலும் கீழும்

கிடைக்கவே கூடாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, கேம்பிரியனுக்கு முந்திய பாறையில் ஒரு முயலின் எலும்பு என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். இங்கிலாந்தில் பிறந்த இந்த உயிரியல் மேதை 1957-ல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். அவர் சொன்ன பாறைகள் 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. மீன்கூட இல்லாத காலம் அது. அதில் ஒரு முயல் கிடைத்தால் பரிணாம வரலாறு மொத்தமும் சரிந்துவிடும்.

ஹால்டேனின் முயலைப் பலரும் நகைச்சுவையாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். அதை நிஜமாகவே தேடிப் பார்க்க வசதியான இடம் மேற்கிந்தியா.

பாணேரிலிருந்து பாஷாணுக்குப் போகும் வழியில் நிற்கும் குன்று கரிய பசால்ட் பாறையால் ஆனது. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததுதான் தக்காண பீடபூமி. பாணேர் குன்று அதன் ஒரு துண்டு. டைனோசர்கள் அழிந்த காலமும் அதுவே. எனவே இந்தக் கறுப்புப் பாறை இயற்கை போட்ட ஒரு காலக்கோடு. இதற்கு அடியில் இருப்பது டைனோசர்களின் காலம். மேலே இருப்பது அவற்றுக்குப் பிந்திய காலம். பாலூட்டிகளின் பெரும்பிரிவுகள் பரவி வளர்ந்தது டைனோசர்கள் போன பிறகு என்பது உண்மையானால், முயல் கோட்டுக்கு மேலேதான் கிடைக்க வேண்டும்.

குஜராத்தில் சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தக்காண எரிமலைப் பாறைக்கு மேலே படிந்த மண்ணடுக்கு இருக்கிறது. அதன் வயது சுமார் 5 கோடியே 30 லட்சம் ஆண்டுகள். அதிலிருந்து முயல் வகைப் பிராணியின் சின்னஞ்சிறு கணுக்கால், குதிகால் எலும்புகளை இந்திய, அமெரிக்க, பெல்ஜிய ஆய்வாளர்கள் எடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். முயல் குடும்பத்துக்கு உலகில் கிடைத்த மிகப் பழைய எலும்புகளில் அவையும் அடங்கும். முயல் கிடைத்தது, கிடைக்க வேண்டிய பக்கத்தில் கிடைத்தது.

கோட்டுக்குக் கீழே என்ன கிடைத்தது என்பது இன்னும் சுவையான கதை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பிஸ்துரா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வயல்களில் கிடைக்கும் உருண்டைக் கற்கள் உண்மையில் கல்லாகிப்போன டைனோசர் சாணம். லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத்தும், அவரோடு அசோக் சாஹ்னி முதலியோரும் அந்தச் சாணத்தைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தாவரச் செல்களுக்குள் உருவாகும் சிலிக்காத் துகள்கள் தெரிந்தன. இத்துகள்களின் வடிவத்தை வைத்து எந்தத் தாவரம் என்று சொல்லிவிடலாம். தெரிந்தது புல். அதுவும் ஒரு வகையல்ல, குறைந்தது ஐந்து வகை. 2005-ல் இது வெளியானபோது உலகம் திகைத்தது. புல் டைனோசர்களுக்குப் பிந்தியது என்றுதான் அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள்.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் குறுக்கிடலாம். இருக்கக்கூடாத இடத்தில் புல் இருந்ததே, கொள்கை உடையவில்லையே. தப்பான இடத்தில் எது கிடைத்தாலும் தேதியை மாற்றிச் சமாளித்துக்கொள்வீர்களா?

நியாயமான கேள்வி. புல் பூக்கும் தாவரங்களில் ஒரு கிளை. பூக்கும் தாவரங்கள் பிஸ்துராவின் டைனோசர்களுக்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே இருந்தன என்பதற்குத் தனிச் சான்றுகள் உண்டு. ஆகவே அந்தக் கிளை நினைத்ததைவிட முன்னதாக முளைத்தது என்பதற்கு மரத்தில் இடமிருந்தது. திருத்தப்பட்டது கிளையின் வயது. இதே புல் கேம்பிரியன் பாறையில், நிலத்தில் தாவரமே இல்லாத காலத்தில் கிடைத்திருந்தால் எந்தத் திருத்தமும் உதவியிருக்காது. மரமே விழுந்திருக்கும். எந்தக் கண்டுபிடிப்பு விவரத்தைத் திருத்தும், எது அடித்தளத்தைத் தகர்க்கும் என்பதை முன்பே பிரித்துச் சொல்ல முடிகிறது. சமாளிப்பில் அது முடியாது.

கடலுக்கு அப்பால் ஓர் உறவுக்காரத் தவளை

தக்காண எரிமலைகள் குமுறிய அதே யுகத்தில்தான் சீஷெல்ஸ் தீவுகளின் நிலம் இந்தியாவைவிட்டு விலகியது. இதைச் சொல்வது நிலவியல். கடலடிப் பாறைகளின் வயதையும் காந்தத் தடங்களையும் படித்து எழுதிய வரலாறு. உயிரியலுக்கு அதில் பங்கில்லை.

2003-ல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசூவும் கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியிலிருந்து ஒரு விசித்திரத் தவளையை உலகுக்கு அறிவித்தார்கள். ஊதிப்போன ஊதா உடம்பு, பன்றி மூக்கு. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே தலைகாட்டும். 2017-ல் இதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

இடுக்கித் தவளையின் டி.என்.ஏ.வைப் படித்தபோது அதன் நெருங்கிய உறவு அண்டை மலைகளில் இல்லை, ஆசியாவில் வேறெங்கும் இல்லை. நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர் கடல் கிடக்க, சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைக் குடும்பத்தில் இருந்தது. தவளையின் மெல்லிய தோலுக்கு உப்புநீர் ஆகாது. கடல் தாண்டுவது அதற்கு எளிதல்ல. இரண்டின் மூதாதையரும் ஒரே நிலத்தில் வாழ்ந்து, பிறகு நிலமே பிளந்தது என்றால் எல்லாம் பொருந்துகிறது. தவளையின் மரபணு கடலடிப் பாறையைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. இரண்டும் முரண்பட்டிருக்கலாம், முரண்படவில்லை.

பருத்திக்காட்டில் நடந்த தேர்வு

இதெல்லாம் பழைய கதை, நம் கண்முன் ஏதாவது மாறியதா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் பருத்தி விவசாயிகள் பதில் சொல்வார்கள். அவர்களுக்கு அந்தப் பாடம் கடனாகத்தான் வந்து சேர்ந்தது.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு மரபணுவைப் பருத்திக்குள் புகுத்தினால் காய்ப்புழு அந்தச் செடியைத் தின்று செத்துப்போகும். இதுதான் பி.டி. பருத்தி. ஜால்னாவைச் சேர்ந்த மஹிகோவும் மான்சான்டோவும் கொண்டுவந்த கலப்பின விதைகளுக்கு 2002-ல் இந்திய அரசு அனுமதி தந்தது. 2006-ல் இரண்டு நஞ்சு மரபணுக்கள் கொண்ட விதை வந்தது.

பரிணாமம் அறிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு, தற்செயலாக ஏற்பட்ட மரபணு மாற்றத்தால் நஞ்சைத் தாங்கும். வயல் முழுக்க பி.டி. செடி மட்டும் இருந்தால் மற்றதெல்லாம் சாக, அவை மட்டும் பிழைத்து ஒன்றோடொன்று சேரும். சில ஆண்டுகளில் வயல் முழுக்க நஞ்சுக்கு அசையாத புழு. இதைத் தள்ளிப்போட ஒரு வழியும் சொன்னார்கள். வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியைச் சில வரிசை நடுங்கள். அங்கே நஞ்சு தெரியாத புழுக்கள் பெருகட்டும். அந்தப் பூச்சிகள் தாங்கும் பூச்சிகளோடு சேர்ந்தால் பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் நஞ்சுக்குச் சாகும். எதிர்ப்பு மரபணு ஒன்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பெற்றோரிடமிருந்தும் வர வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகத் தரப்பட்டது. வயலில் ஐந்து வரிசை அல்லது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது புகலிடமாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி.

பெரும்பாலான இடங்களில் அந்த 120 கிராம் மண்ணுக்குள் போகவில்லை. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. காசு கொடுத்து நிலத்தை உழுது புழுவுக்கு விருந்து வைக்கச் சொன்னால் யார் செய்வார்கள்? ஏன் வைக்க வேண்டும் என்று புரியும்படி அவர்களுக்குச் சொன்னவர்களும் குறைவு.

2010-ல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நஞ்சை வென்றுவிட்டதாக மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளில் இரண்டாம் நஞ்சும் தோற்றது. 2017-ல் விதர்பாவிலும் மராத்வாடாவிலும் காய்களைப் பிளந்தால் உள்ளே புழு. பலர் செடியோடு உழுது அழித்தார்கள்.

இதை ஒரு சோதனையாகப் பார்க்க இரண்டு ஒப்பீடுகள் கைவசம் இருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் பி.டி. பருத்தி விளைந்தது. அதே புழு, அதே நஞ்சு. அங்கே புகலிட வரிசைகளைக் கண்டிப்பாக நட்டார்கள். பத்தாண்டுகள் கடந்தும் எதிர்ப்பு பரவவில்லை. பின்னர் மலட்டுப் பூச்சிகளையும் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 2018-ல் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து அந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள். இரண்டாவது ஒப்பீடு நம் வயலிலேயே இருக்கிறது. பச்சைக் காய்ப்புழு என்ற இன்னொரு புழுவும் பருத்தியைத் தின்னும். ஆனால் அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பலவற்றையும் தின்னும். நஞ்சில்லாத அந்தப் பயிர்கள் யாரும் சொல்லாமலே அதற்குப் புகலிடமாயின. இளஞ்சிவப்புப் புழு ஏறக்குறைய பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. அதற்கு வேறு போக்கிடமில்லை. அதே வயல், அதே நஞ்சு, அதே ஆண்டுகள். புகலிடம் இல்லாத புழு நஞ்சை வென்றது. புகலிடம் இருந்த புழு பெருமளவு கட்டுப்பட்டே கிடந்தது. கணக்கு முன்கூட்டிச் சொன்னதும் இதைத்தான்.

பாப்பரின் சந்தேகமும் எஞ்சிய சந்தேகமும்

ஒரு கூற்று அறிவியலா என்று அறிய, அதைப் பொய்யென்று நிரூபிக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள் என்றவர் தத்துவவாதி கார்ல் பாப்பர். பரிணாமத்தை எதிர்ப்பவர்கள் அவர் பெயரை விரும்பி எடுப்பார்கள். காரணம், தகுதியுள்ளது பிழைக்கும் என்பது பிழைத்தது பிழைத்தது என்று சொல்வதைப் போல இருக்கிறதே என்று அவரே 1970-களில் ஐயப்பட்டிருந்தார். ஆனால் 1977-ல் கேம்பிரிட்ஜின் டார்வின் கல்லூரியில் ஆற்றிய உரையில், இயற்கைத் தேர்வு சோதிக்கத்தக்கதே என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்தப் பிற்பகுதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். பருத்திப் புழுவை எடுத்துக்கொண்டால் சிக்கல் எங்கே தீர்கிறது என்று புரியும். எந்தப் புழு தகுதியுள்ளது என்று அறிய அது பிழைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் நஞ்சு கலந்த உணவைக் கொடுத்து அதன் தாங்குதிறனை முன்பே அளந்துவிடலாம். வயலில் என்ன நடக்கும் என்பது அதன் பிறகு வரும் சோதனை.

புழு புழுவாகத்தானே இருக்கிறது, புது இனம் பிறந்ததா என்பது அடுத்த கேள்வி. பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு, வேகமாக வளர்ந்து முந்தி முட்டையிடும் பழ ஈக்களை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஈக்கள் சிறுத்தன. மாற்றம் செய்யாமல் வளர்த்த வம்சத்துக்கும் இவற்றுக்கும் இடையே கலப்பு தடைபடத் தொடங்கியதை 2012-ல் பதிவு செய்தார்கள். முழுப் பிரிவு அல்ல, பிரிவின் தொடக்கம். யாரும் அதைத் தேடித் தேர்ந்தெடுக்கவில்லை. வேகத்தின் பக்கவிளைவாகவே வந்தது. பாணேர் குன்றுக்கு அந்தப் பக்கம், பாஷாணில் இருக்கும் இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவன (ஐஸர்) வளாகத்திலும் சுதீர்த் டேயின் ஆய்வகம் பாக்டீரியாக்களையும் ஈக்களையும் வளர்த்துப் பரிணாமத்தை அன்றாடச் சோதனையாகவே நடத்துகிறது. அந்த வளாகத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் வாழும் சி.பி.எஸ்.இ. மாணவனின் நூலில்தான் அந்தப் பக்கங்கள் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிணாமத்தின் பெயரால் சொல்லப்படும் எல்லாமே இப்படிச் சோதிக்கப்பட்டவை அல்ல. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து ஏன் நீண்டது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. மனித நடத்தைக்கெல்லாம் கற்கால விளக்கம் தரும் கட்டுரைகளில் பல வெறும் ஊகம். பொது மூதாதையர் உண்டு, இயற்கைத் தேர்வு செயல்படுகிறது என்ற அடித்தளம் எவ்வளவு உறுதியோ, மேலே கட்டிய சில அறைகள் அவ்வளவு ஆட்டம் காண்பவை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிவதும் அறிவியல் கல்வியின் பகுதி.

ஏன் பத்தாம் வகுப்பு?

கொரோனா காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கத்தான் பாடங்களைச் சீரமைத்தோம்; பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பில் விரிவாகவே இருக்கிறது என்றது என்.சி.இ.ஆர்.டி. 2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டியின் முயற்சியில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பாடத்தைத் திரும்பச் சேர்க்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள்.

சுமை என்ற வாதத்தை ஏற்றாலும் இடம் தவறு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவர்கள் மருத்துவம் போன்ற துறைகளை நாடும் ஒரு பகுதியினர். கணக்கு, வணிகவியல், கலை எடுப்பவர்களும், பத்தோடு படிப்பை நிறுத்தி வயலுக்குப் போகிறவர்களும் பரிணாமத்தை அங்கே சந்திக்க மாட்டார்கள். அந்த 120 கிராம் பொட்டலம் போன்றவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தலாமா, சளிக்கும் ஆன்டிபயாடிக் வாங்கலாமா என்று தினமும் முடிவெடுப்பவர்களும் அவர்களே. எல்லாருக்கும் பொதுவான கடைசி அறிவியல் வகுப்பு பத்தாம் வகுப்புதான்.

பாடத்தை வைத்திருக்கும் மாநிலங்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. டார்வின் எந்தக் கப்பலில் போனார், லாமார்க் என்ன சொன்னார் என்று மனப்பாடம் செய்ய வைத்தால், பாடம் இருந்தும் இல்லாததே. அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைப் பொதுத்தேர்வில் வைக்கலாம்: தக்காண எரிமலைப் பாறைக்கு அடியில் எந்த விலங்கின் எலும்பு கிடைத்தால் பரிணாம வரலாற்றை நீங்கள் சந்தேகிப்பீர்கள், ஏன்? இதற்கு நான்கு வரி எழுதத் தெரிந்த மாணவி, பரிணாமத்தை நம்புகிறாளா என்று கேட்கவே வேண்டியதில்லை. எதைக் கண்டால் அதைக் கைவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ‘பார்த்தவர் யார்’ என்று இனி யாராவது கேட்டால், நீங்கள் சொல்வது பொய்யென்றால் எது கிடைக்கும் என்று சொல்லுங்கள் எனத் திருப்பிக் கேட்கவும் தெரிந்திருக்கும்.